புற்றுநோயின் மூலமும் நம் இல்லத்து மௌனமும்

(விருதுநகரில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. சிவகாசி, சாத்தூர் அன்பர் பலர் வேண்டிக்கொண்டபடி ஈண்டு வெளியிடப்படுகின்றது.)



தமிழாசிரியன் ஒருவன் மருத்துவ விஷயம் பேச முன்வருதல் உங்களுள் சிலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வாழும் யான் இத்துறையில் அதிகாரம் உடையேன் அல்லேன். ஆயினும், என் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு துன்பம் இவ்விஷயம் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்குமாறு என்னைச் செய்தது. படித்தவற்றுள் ஐயமின்றி விளங்கியவற்றை மட்டுமே இங்கே சொல்லப் புகுகின்றேன். குற்றங் குறை இருப்பின் பொறுத்தருள்க.

முதலில் அத்துன்பத்தைச் சொல்லிவிடுகின்றேன். என் தந்தையாருடன் பிறந்த அத்தை ஒருவர் தம் நாற்பதாம் வயதில் காலமானார். என்ன நோய் என்று சிறுவராயிருந்த நாங்கள் கேட்டால், "வயிற்றுவலி" என்பார்கள். அதற்குமேல் எவரும் வாய் திறவார். ஆண்டுகள் பல சென்றன. என் தமக்கையார் தம் மார்பில் ஒரு சிறு கட்டி இருத்தலை ஒருநாள் உணர்ந்தார். அப்பொழுது அவர் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். நிச்சயதாம்பூலம் முடியட்டும் என்று பொறுத்தார்; பின்னர்க் கல்யாணம் முடியட்டும் என்று பொறுத்தார். இவ்வாறு எட்டு மாதம் கழிந்தது. பந்தல் பிரித்த மூன்றாம் நாள் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இதை அப்போதே சொல்லியிருந்தால் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோயிருக்கும்" என்றார்.

மருத்துவர் கேட்ட முதல் வினா, "உங்கள் குடும்பத்தில் வேறு எவர்க்கேனும் இந்நோய் வந்ததுண்டா?" என்பது. "இல்லை" என்று நாங்கள் மூவரும் ஒருமுகமாகச் சொன்னோம். வீட்டிற்கு வந்தபின் என் சிறிய தகப்பனார் தலைகுனிந்தவாறே உண்மையைச் சொன்னார். அத்தையை வாட்டியது வயிற்றுவலி அன்று, மார்பகப் புற்றே. அவர் மகளும் சூலகத்தில் வந்த புற்றினால் இறந்தார். தங்கைமார் கல்யாணத்தைக் கருதி என் தந்தையார் அதனை மறைத்தார். அவர் மறைத்ததை அறியாத என் தமக்கையார் மகள் கல்யாணத்தைக் கருதித் தம் நோயை மறைத்தார். அவர் மறைந்து இன்றைக்குப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

அன்பர்களே! இவ்விருவர் செய்கையும் அன்பினாற் செய்யப்பட்டதே. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்பினாற் செய்த மௌனமும் உயிரைக் கொள்ளும் என்பதை யான் கண்ணாரக் கண்டேன். வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று தெரிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே அதைத் தணிக்கும் வழியைச் செய்யவேண்டும் என்னும் முறையை வகுத்தார். அம்முறைப்படி, இந்நோயின் மூலத்தைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஓர் அறிஞர் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். அவர் பெயர் டாக்டர் அசோக் வேங்கிடராமன்.

அவர் மருத்துவம் பயின்றது நம் தமிழ்நாட்டிலே, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் சிறு மருத்துவச்சாலையாகத் தொடங்கிய அந்நிலையத்தை அறியாதார் நம்முள் இலர். அங்கே கற்ற பின்னர் அவர் லண்டன் சென்று, யூனிவர்சிடி காலேஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அதன்பின் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்து, உடம்பைக் காக்கும் நோயெதிர்ப்பு அணுக்களைப் பற்றி முதலில் ஆராய்ந்தார். 1998ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பேராசிரியராக அமர்ந்து, 2020 வரை அப்பதவியில் இருந்தார். 2006 முதல் 2019 வரை அந்நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் இயக்குநராகவும் விளங்கினார். 2020இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய் விஞ்ஞான நிலையத்தின் இயக்குநராகச் சென்றார். நம் பக்கத்து இளைஞர் இருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியை ஒளிபெறச் செய்ததை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளுகின்றோம். வேலூரில் கற்ற ஒருவர் கடல் கடந்து சென்று கண்டறிந்தவற்றையும் நாம் அறிந்து பயன்கொள்ளுதல் வேண்டும் அன்றோ?

அவர் கண்டது யாது? அதை விளக்கப் பேரேட்டை உவமையாகக் கொள்ளுகின்றேன். நம்முள் வாணிகம் செய்வோர் பலர் ஆகலின், இவ்வுவமை எளிதில் விளங்கும்.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் ஒரு பேரேடு இருக்கின்றது. அவ்வணு எப்படி வளரவேண்டும், எப்பொழுது இரண்டாகப் பிளக்கவேண்டும், எப்பொழுது நிற்கவேண்டும் என்னும் கட்டளைகளெல்லாம் அதில் உள. டி.என்.ஏ. என்பது அதுவே. தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. அப்பேரேட்டுக்கோ நான்கே எழுத்து. அந்நான்கும் மாறி மாறி வந்து, தாய்வழியில் சுமார் 300 கோடியும் தந்தைவழியில் சுமார் 300 கோடியுமாக நிற்கின்றன. அவை 46 சுவடிகளாகக் கட்டப்பட்டுள்ளன. இச்சுவடிகளைக் குரோமோசோம் என்பர். அவற்றுள் 23 தாய் தந்தவை. 23 தந்தை தந்தவை. ஓர் அணு இரண்டாகப் பிளக்குமுன் பேரேடு முழுவதும் ஒருமுறை படியெடுக்கப்படும்.

இத்தனை கோடி எழுத்தைப் படியெடுக்குங்கால் பிழை நேராதிருக்குமோ? சிவகாசி அச்சுக்கூடங்களில் வேலை செய்வோர் இதற்கு விடை சொல்வர். பிழை நேரும்; பிழை திருத்துவோரும் இருப்பர். அன்றியும் புகை, வெயிலின் கடுங்கதிர், உடம்பிலேயே தோன்றும் சில நச்சுப்பொருள் ஆகியவற்றால் ஏடு கிழிதலும் உண்டு. அவற்றைச் செப்பனிடும் ஏவலாளரும் அணுவினுள்ளேயே இருக்கின்றனர். வளர்ச்சியைப் பற்றிய கட்டளைகளில் நேர்ந்த பிழைகள் திருத்தப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருமானால், நிற்கவேண்டிய அணு நில்லாமல் பெருகும். புற்று என்பது இதுவே. அது வெளியிலிருந்து வந்து பற்றும் பேய் அன்று. தெய்வ குற்றமும் அன்று. ஒருவரைத் தொட்டால் ஒட்டுவதும் அன்று. கணக்குப் பிழைத்த நம் சொந்த அணுவே அது.

இனி, சில குடும்பங்களில் மட்டும் மார்பகப் புற்று தலைமுறை தலைமுறையாக, அதுவும் இளவயதிலேயே, வருதல் ஏன் என்னும் கேள்வி நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்னும் அம்மையார் அதற்கு ஒரு மரபணு காரணமாக இருக்கவேண்டும் என்று கருதிப் பல ஆண்டுகள் உழைத்தார். 1990இல், அம்மரபணு பதினேழாம் குரோமோசோமில் உளது என்று காட்டினார். அவர் காட்டியது எதனால் என்று எண்ணுகின்றீர்கள்? 23 குடும்பங்கள், 329 உறவினர், தம் இல்லத்தில் யார் யார்க்கு இந்நோய் வந்தது என்பதை மறையாமல் சொன்னார்கள், ஆராய்ச்சிக்கு உடன்பட்டார்கள். அதனாலேயே அவ்வுண்மை வெளிப்பட்டது. இதைப் படித்தபோது நம் முன்னோர் வைத்த மகமை என் நினைவுக்கு வந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் இட்ட சிறுதொகையன்றோ திரண்டு நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று? அக்குடும்பத்தார் இட்டது அறிவு மகமை. அதனால் உலகத்துப் பெண்மக்களெல்லாம் பயன்பெற்றனர்.

அதன்பின் இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்ட்ராட்டன் என்பாரும் அவர் கூட்டத்தாரும் 1995இல் பதின்மூன்றாம் குரோமோசோமில் இத்தகைய மற்றொரு மரபணுவைக் கண்டெடுத்தனர். இதற்குப் பி.ஆர்.சி.ஏ. 2 என்று பெயர். மரபணு அகப்பட்டது, ஆயின் அது உடம்பில் என்ன வேலை செய்கின்றது என்பது விளங்கவில்லை. பெயர் தெரிந்த ஏவலாளன். அவன் தொழில் தெரியவில்லை.

அத்தொழிலை அறிவதில் முன்னின்றவர் வேங்கிடராமன். பி.ஆர்.சி.ஏ. 2 சிதைந்த எலியின் அணுக்களை அவரும் அவர்தம் துணைவரும் ஆய்வகத்தில் வளர்த்து நோக்கினர். அவ்வணுக்களின் குரோமோசோம்கள் தாமாகவே முறிந்தும், முறிந்த துண்டுகள் தமக்குரியவல்லாத இடங்களில் ஒட்டியும் இருத்தலைக் கண்டு 1998இல் வெளியிட்டனர். டி.என்.ஏ. இரண்டு இழைகளால் முறுக்கப்பட்டது. ஓரிழை மட்டும் அறுந்தால், மற்றோரிழையைப் பார்த்துச் செப்பனிடலாம். இரண்டும் ஒருங்கே அறுந்தால், சற்றுமுன் எடுத்த பிரதியைப் பார்த்தே சரிசெய்ய வேண்டும். பேரேட்டில் ஓர் ஏடு குறுக்கே கிழிந்தால், நல்ல கணக்கப்பிள்ளை நகலை எடுத்துவைத்து வரிக்கு வரி ஒப்பிட்டு எழுதுவாரல்லரோ? அஃதே போல. ஒப்பிட்டு நோக்கும் தொழிலைச் செய்வது ராட் 51 என்னும் புரதம். அதை உரிய காலத்தில் உரிய இடத்தில் அமர்த்துவதே பி.ஆர்.சி.ஏ. 2இன் தொழில் என்பதை அவர் கூட்டத்தார் 2001இல் விளக்கினர். அவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றும் வடிவத்தை, டாம் பிளண்டெல் என்பாரோடு கூடி 2002இல் வெளியிட்டனர். அக்கணக்கப்பிள்ளை இல்லாத அணுவோ, அவசரத்தில் கிழிந்த ஓரங்களைக் கண்டபடி ஒட்டிவிடும். ஒருவர் பற்று வேறொருவர் வரவில் ஏறினால் கடை என்னாகும்? அணுவும் அவ்வாறே கெடும்.

இங்கே ஒன்று கவனிக்க. இம்மரபணு நம் ஒவ்வொருவரிடத்தும் இரண்டு பிரதியாக உளது. ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. பழுதுற்ற பிரதி ஒன்றோடு பிறந்தவர் நோயோடு பிறந்தவர் அல்லர். மற்றொன்று வேலை செய்துகொண்டிருக்கும். அதுவும் ஓர் அணுவில் கெட்டால்தான் கேடு தொடங்கும் என்பது ஆல்பிரட் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971இல் வகுத்த கொள்கை. வேங்கிடராமன் இதன்மேல் இன்னொரு கேள்வி கேட்டார்: இரண்டாம் பிரதி எழுத்திற் கெடாமலேயே அதன் வேலை குன்றுதல் கூடுமோ? கூடும் என்பதை அவர் கூட்டத்தார் 2017இல் காட்டினர். ஆல்டிஹைட் என்னும் நச்சுப்பொருள் பி.ஆர்.சி.ஏ. 2 புரதத்தையே அழித்துவிடுகின்றது. ஒரு பிரதி பழுதுற்ற அணுவில் இருப்பு முன்னமே குறைவு ஆகலின், அது விரைவில் முறிகின்றது. 2024இல், உடம்பு சர்க்கரையைச் சிதைக்கும்போது தோன்றும் மெதில்கிளையாக்ஸல் என்னும் பொருளும் இத்தீங்கைச் செய்தல் கூடும் என்று வெளியிட்டனர். இவை ஆய்வகத்தில் கண்டவை. சர்க்கரை உண்டாலே புற்று வரும் என்று எவரும் பொருள் கொள்ளற்க. நீரிழிவை அடக்கி வைத்தல் எவ்வாற்றானும் நன்று என்றே கொள்க.

ஆனால் மதுவைப் பற்றி ஐயத்திற்கு இடமில்லை. குடித்த மது உடம்பினுள் அசிட்டால்டிஹைடாக மாறுகின்றது. புகையிலைப் புகையிலும் ஆல்டிஹைடுகள் உள. மதுவும் புகையிலையும் புற்றுக்குக் காரணம் என்பது உலகத்து மருத்துவர் அனைவர்க்கும் ஒப்ப முடிந்த உண்மை. நம் சங்கங்கள் குடியை விலக்குமாறு தொன்றுதொட்டு உபதேசித்து வருகின்றன; மானத்தையும் பொருளையும் காரணமாகக் காட்டின. அவற்றோடு இக்காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூலத்தை அறிந்ததனால் வந்த பயன் என்ன என்று கேட்பீர்கள். பயன் பெரிது. கிழிந்த ஏட்டைச் செப்பனிட அணுவுக்கு வேறு வழிகளும் உண்டு. பி.ஆர்.சி.ஏ. கெட்ட புற்றணு அவ்வழிகளையே நம்பி வாழ்கின்றது. அவற்றையும் அடைத்துவிட்டால் அப்புற்றணு மடியும், நல்ல அணு பிழைக்கும் என்று இருவேறு ஆராய்ச்சிக் கூட்டத்தார் 2005இல் ஒருங்கே வெளியிட்டனர். அவ்வகையில் வந்த ஒலாபரிப் என்னும் மருந்தை 2014இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அங்கீகரித்தன. கள்ளன் நுழைந்த வாயிலிலேயே அவனைப் பிடித்தாற்போல், நோய்க்கு மூலமான குறையே மருந்துக்கும் வழியாயிற்று. ஆயினும், இம்மருந்து இவர்க்கு ஏற்கும் என்று அறியவேண்டுமானால், மரபணுவைச் சோதிக்கவேண்டும். சோதிக்க வேண்டுமானால், குடும்பத்து வரலாற்றை மருத்துவரிடம் சொல்லவேண்டும். நாங்கள் மூவரும் "இல்லை" என்று சொன்னோமே, அந்த ஒரு சொல்லின் விலை இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

இனித் தாய்மார்களும் வரன் பார்க்கும் பெரியோர்களும் மனத்திற் கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லுகின்றேன்.

மார்பகப் புற்றுகளில் பெரும்பாலானவை பரம்பரையால் வருவன அல்ல. நூற்றில் ஐந்து முதல் பத்து வரையே அவ்வாறு வருவன. ஆகவே ஒரு வீட்டில் ஒருவர்க்கு வந்தது என்பதனால் அக்குடும்பம் முழுவதையும் ஐயுறுதல் அறிவீனம்.

பரம்பரையால் வரும் குறை தாயால் மட்டும் வருவதன்று. தந்தையும் தருவார். பெற்றோருள் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருதற்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு. ஆண்மக்கள் அதைச் சுமந்து, தாம் நலமாயிருந்து, பெண்மக்களுக்குத் தருதலும் உண்டு. ஆண்களுக்கே மார்பகத்திலும் ஆண்மைச் சுரப்பியிலும் கணையத்திலும் புற்று வருதலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது வந்தது அத்தை வழி. அதாவது, என் தந்தையார் வழி. "பெண்ணின் தாய்க்கு இருந்ததா?" என்று மட்டும் கேட்டு வரனைத் தள்ளுவோர், தம் வீட்டு ஆண்வழியைக் கேளாது விடுதல் எவ்வகை நியாயம்?

குறை உடையவர் அனைவர்க்கும் நோய் வருவதன்று. மேலைநாட்டுக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பி.ஆர்.சி.ஏ. பழுதுற்ற பெண்களுள் நூற்றுக்குச் சுமார் எழுபதின்மர்க்கு எண்பது வயதிற்குள் மார்பகப் புற்று வருகின்றது. இது பெரிய எண்ணே. ஆனால் முன்னறிந்தவர்க்கு வழிகள் உள. இளவயது முதற்கொண்டு ஆண்டுதோறும் பரிசோதித்து நோயை முளையிலேயே கண்டு களையலாம். மருத்துவர் அறிவுரைப்படி முன்கூட்டியே சிகிச்சை செய்துகொள்ளுதலும் உண்டு. அறியாதவர்க்கே இவ்வழிகள் இல்லை.

இன்னும் ஒன்று. உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் நம்மிடை உண்டு. ஒரே பழுது தாய்வழியாலும் தந்தைவழியாலும் ஒரு குழந்தையை அடையின், பன்கோனி இரத்தசோகை என்னும் கொடிய நோய் தோன்றுதல் கூடும் என்று 2002இல் கண்டனர். குடும்பத்தில் இக்குறை இருப்பது தெரிந்தால், முறைமாப்பிள்ளைக்கு முடிக்குமுன் மருத்துவரைக் கேட்டல் கடமையாகும்.

ஆகவே, ஒவ்வோர் இல்லத்தாரும் ஒரு காரியம் செய்க. சாதகம் எழுதி வைக்கின்றோம். சொத்துப் பத்திரத்தைப் பூட்டி வைக்கின்றோம். அவற்றோடு, மூன்று தலைமுறையில் யார் யார், எந்த வயதில், எந்நோயால் இறந்தனர் என்பதை இருவழியிலும் விசாரித்து ஒரு தாளில் எழுதி வைக்க. பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்; அவர்களோடு அச்செய்தியும் போய்விடும். மருத்துவர் கேட்குங்கால் அத்தாளை மறையாமல் காட்டுக. இளவயதில் வந்த புற்றோ, ஒரே வழியில் இருவர் மூவர்க்கு வந்த புற்றோ அதில் காணப்படின், மரபணு ஆலோசனை பெறுக. தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தை நினையுங்கள். அவ்வம்மையார் துக்கத்தை மூடி வைத்திருந்தால் நமக்கு அந்நிலையம் கிடைத்திராது.

முடிவாக ஒன்று சொல்லி அமர்கின்றேன். நம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறையை நாம் எவ்வாறு வைத்திருக்கின்றோம்? தனியே கட்டி, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டு, இத்தனை பேர்க்குமேல் உள்ளே இருத்தலாகாது என்று வரையறுத்து, அபாயம் என்று எவரும் காணப் பெரிதாக எழுதி வைக்கின்றோம். அங்கே மருந்து இருக்கின்றது என்பதை மறைப்பவனையா நாம் புத்திசாலி என்போம்? விதியை மறந்த நாளிலும் மறைத்த நாளிலும் என்ன நேர்ந்தது என்பதை இப்பக்கத்துக் குடும்பங்கள் அறியும். இருக்கிற இடத்தைச் சொல்லி எச்சரிப்பவனே நம் உயிர்த்துணை. குடும்பத்து நோயும் அத்தகையதே.

என் தமக்கையார் மகளுக்கு இப்பொழுது இருபத்தைந்து வயது. கணவன் வீட்டாரிடம் யாங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். எங்கள் நெஞ்சம் நடுங்கியது உண்மை. அவள் மாமியார் சிறிது நேரம் பேசாதிருந்து, "இதை முன்னமே சொல்லியிருந்தால் உங்கள் அக்காளையும் நாங்கள் கூட்டிக்கொண்டு போயிருப்போமே" என்றார். சோதனைக்கு அவளை அழைத்துச் சென்றவரும் அவரே. பழுது அவளிடத்தும் உளது என்று தெரிந்தது. அவள் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ளுகின்றாள், நலமாக இருக்கின்றாள்.

அந்த மாமியாரைப் போன்றவர் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பாராக. மௌனம் காத்தது போதும்.